ஹார்வெல்டன் சாய்ந்து வரும்

மார்க்கண்டு சங்கத்துக்குப் போனது மண்ணெண்ணெய் வாங்க. கணனியைப் பற்றி அவருக்கு அன்றுவரை எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, மாசி கடைசி. குடாநாட்டில் மின்சாரம் நின்று இரண்டு வருடம் ஆகப்போகிறது. சுன்னாகச் சந்தைக்குப் போகிற வழியில் மின்கம்பங்களில் ஆட்கள் ஆட்டைக் கட்டினார்கள். மார்க்கண்டுவின் தோட்டத்தில் வெங்காயம் மண்ணுக்குள் உருண்டு திரளத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் தண்ணீர் காணாவிட்டால் அது உருளாது, நூலாகிவிடும். இறைப்பு மெசின் இருந்தது. அதை ஓட்ட எண்ணெய் இல்லை. கள்ளமாக ஒரு போத்தல் விற்ற விலையைப் பார்த்தால், வெங்காயத்தை விற்று எண்ணெய் வாங்குவதைவிட எண்ணெயை விற்று வெங்காயம் வாங்குவது லாபமாக இருந்தது.

புளியங்கிணற்றடி பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பீப்பா பீப்பாவாக மண்ணெண்ணெய் இறங்கியிருக்கிறது என்று மனைவி குணலட்சுமி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். மார்க்கண்டு வெறும் எண்ணெய்க் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். களஞ்சியத்தின் வாசலில் பொறுப்பாளர் மீனாம்பிகை கதிரை போட்டு இருந்தாள்.

"எண்ணை வந்திருக்கெண்டு கேள்விப்பட்டன் பிள்ளை."

"ஓம் அண்ணை, வந்திருக்கு. உள்ளைதான் நிக்குது."

"அப்ப ஒரு கானுக்கு விடுமன்."

"விடேலாது அண்ணை. இனிமேல் பங்கீடு கொம்பியூட்டராலைதானாம். கையாலை குடுக்கக்கூடாதெண்டு தீர்மானம்."

"கொம்பியூட்டர் எங்கை?"

"அது இன்னும் வாங்கேல்லை. எதை வாங்கிறதெண்டு யோசிக்க ஒரு உபகுழு போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் கூடுவினம். போய்க் கேளுங்கோ. என்னட்டை இருக்கிறது களஞ்சியப் பூட்டின்ரை திறப்பு மட்டும்தான்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் மார்க்கண்டு போனார். செருப்பை வெளியில் கழற்றச் சொன்னார்கள். கணனிக்குத் தூசி ஆகாது என்பதால் கூட்ட மண்டபத்தின் யன்னல்கள் எல்லாம் பொலித்தீன் வைத்து அடைக்கப்பட்டிருந்தன. உள்ளே பங்குனி வெயிலில் புழுங்கிக்கொண்டு உபகுழு இருந்தது.

தலைமைக் கதிரையில் சங்கத் தலைவர் தியாகலிங்கம். கொழும்பில் ஒரு திணைக்களத்தில் கொள்வனவுப் பகுதியை நடத்தி இளைப்பாறியவர். அவருக்கு வலப்பக்கம் செயலாளர் நமசிவாயம், ரியூட்டரி ஒன்றில் கணக்குப் படிப்பிப்பவர். எண்பத்திரண்டில் கொழும்புக்குப் போனபோது ஒரு கணனியைக் கண்ணால் கண்டவர். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கத்தில் நின்று கண்டார். குடாநாட்டில் அந்தத் துறையில் தன்னளவு அனுபவம் உள்ளவர் குறைவு என்று அவர் சொல்வதை மறுக்க அந்தச் சபையில் ஆளில்லை. இடப்பக்கம் ஆழ்வாப்பிள்ளை, பருத்தித்துறையில் வள்ளமும் சரக்கும் பார்த்துவிட்டுக் கல்யாணம் செய்து இந்தப் பக்கம் வந்தவர். நமசிவாயம் எதைச் சொன்னாலும் எதிர்ப்பது அவர் பொறுப்பு.

நடுமேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஓர் ஆங்கிலச் சஞ்சிகை வைக்கப்பட்டிருந்தது. கொழும்பிலிருந்து கடலேரி கடந்து வள்ளத்தில் வந்தது. வரும்போது நனைந்து, காய்ந்தபோது ஒட்டிவிட்டது. ஹார்வெல்டன் கம்பனி அடுத்து வெளியிடப்போகும் மேசைக் கணனி எப்படி இருக்கும் என்று அதில் ஒரு நீண்ட கட்டுரை. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வாசிக்க முடிந்தது. நடுவில் இருந்தவை பிரியவில்லை. முதல் பக்கம் ஒரு கேள்வியோடு முடிந்தது. கடைசிப் பக்கம், "ஆகவே பொறுத்திருந்து பார்ப்போம்" என்று முடிந்தது.

"இந்தக் கடைசி வசனத்தைத்தான் இந்தச் சபை தன்ரை கொள்கையாய் எடுத்திருக்கு" என்றார் நமசிவாயம்.

மார்க்கண்டு மெல்ல எழும்பினார். "ஐயா, நான் எண்ணை விசயமாய் வந்தனான். வெங்காயம் வாடுது. உந்த மெசின் எப்ப வரும்?"

தியாகலிங்கம் அன்போடு சிரித்தார். பிறகு பேசினார்.

"நல்ல கேள்வி. உங்களுக்கு விளக்கவேணும். போன முறை எண்ணை பங்கிட்டபோது என்ரை மைத்துனருக்கு ரெண்டு கான் கூடப் போனதெண்டு ஒரு கதை வந்தது. போனதுதான். நான் மறைக்கேல்லை. ஆனால் அது ஆர் செய்த பிழை? கை செய்த பிழை. கையை எடுத்துவிட்டால் பிழையும் போயிடும். அதுக்குத்தான் கொம்பியூட்டர். சரி, எதை வாங்கிறது? இண்டைக்கு இருக்கிறதை வாங்கினால் நாளைக்கு அதைவிடத் திறமானது வரும். நாளைக்கு வாறதை வாங்கினால் நாளையிண்டைக்கு வரும். நான் திணைக்களத்திலை சேர்ந்த கிழமை ஒரு இரும்பு அலுமாரி வாங்கச் சொல்லி என்னட்டைத் தந்தவை. நான் இளைப்பாறேக்கையும் அந்தக் கோவை பரிசீலனையிலைதான் இருந்தது. என்ரை காலத்திலை ஒரு பிழையான அலுமாரிகூட வாங்கப்படேல்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். மார்க்கண்டுவும் தட்டினார். தட்டி முடிந்தபிறகு, "இஞ்சை கரண்டும் இல்லையே ஐயா. உந்தத் தடைக்குள்ளாலை அதைக் கொண்டுவரத்தான் விடுவாங்களோ?" என்று கேட்டார்.

"அது நடைமுறைப் பிரச்சினை. நாங்கள் கொள்கைக் குழு" என்றார் தலைவர். "ஆனால் பாருங்கோ, நீங்கள் நல்லாய்க் கேள்வி கேக்கிறியள். எங்களுக்கும் ஒரு விவசாயப் பிரதிநிதி இல்லாத குறை இருக்கு."

அப்படித்தான் மார்க்கண்டு உபகுழுவில் ஓர் உறுப்பினரானார். கானை வெறுமையாகவே சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்தநாள் விடியக் கிணற்றுத் துலாவைச் சீராக்கி அவரும் குணலட்சுமியும் கயிறு இழுத்துக் கையால் இறைக்கத் தொடங்கினார்கள். நாலு பாத்திக்குத் தண்ணீர் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

உபகுழுவில் அந்த நாட்களில் பெரிய தர்க்கம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஹார்வெல்டன் பெட்டி மேசையில் நிமிர்ந்து நிற்குமா, படுத்துக் கிடக்குமா என்பதே விசயம். நிமிர்ந்துதான் வரும் என்றார் நமசிவாயம். முன்னேற்றம் என்பது எப்போதும் மேல்நோக்கியே போகும் என்பது அவருடைய ஆதாரம். படுத்துத்தான் வரும் என்றார் ஆழ்வாப்பிள்ளை. "பாரமான சாமானை ஆரும் நிமித்தி ஏத்தமாட்டினம். அமெரிக்காவிலை இருந்து கப்பலிலை வாற பெட்டி ஆடி விழாதே?"

தர்க்கம் மண்டபத்தோடு நிற்கவில்லை. சலூனில் நிமிர்ந்த கட்சிக்காரர் ஒரு வாங்கிலும் படுத்த கட்சிக்காரர் மறு வாங்கிலும் இருக்கத் தொடங்கினார்கள். இரண்டு குடும்பங்களுக்கிடையில் பேசி வைத்திருந்த கலியாணம் ஒன்று, மாப்பிள்ளையின் தகப்பன் படுத்த கட்சி என்று தெரியவந்ததும் ஆறப்போடப்பட்டது.

வந்தபிறகு பழகுவதென்றால் காலம் வீணாகும் என்று, தச்சுவேலை செய்யும் வின்சன்றைப் பிடித்து வேப்பம்பலகையில் இரண்டு மாதிரிகள் செய்வித்தார்கள். ஒன்று நிமிர்ந்தது, மற்றது படுத்தது. அளவு என்ன என்று வின்சன்ற் கேட்டார். "கம்பனியே இன்னும் முடிவெடுக்கேல்லை, நீர் ஏன் அவசரப்படுகிறீர்?" என்றார் தலைவர். வின்சன்ற் தன்னிடம் இருந்த பலகையின் அளவுக்குச் செய்தார். வளர்பிறை வெள்ளியில் மாதிரிகளுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பூசை நடந்தது. ஐயர் சங்கற்பத்துக்கு நட்சத்திரம் கேட்டார். "இன்னும் பிறக்கேல்லை" என்றார் நமசிவாயம். ஐயர் சற்று யோசித்துவிட்டுத் தேங்காயை உடைத்தார்.

மறுநாளிலிருந்து மீனாம்பிகை காலையில் ஒரு மணித்தியாலம் மரப்பெட்டியின் முன்னால் இருந்து மரக்கட்டைகளைத் தட்டிப் பழகவேண்டும் என்று கட்டளை. நமசிவாயம் பின்னால் நின்று இடைக்கிடை "பிழை" என்பார். அவள் திரும்பவும் தட்டுவாள். "இப்ப சரி" என்பார். வெளியே வெறும் கான்களோடு வந்த சனம் யன்னல் பொலித்தீனுக்கூடாக அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

மார்க்கண்டுவின் வாழ்க்கையை மாற்றிய கூட்டம் பங்குனி நடுவில் நடந்தது. அன்று விடியற்காலை தொடக்கம் துலா இழுத்த களைப்பில், நமசிவாயம் பேச எழும்பியதும் அவர் நித்திரையாகிவிட்டார். நிமிர்ந்ததா படுத்ததா என்று வாக்கெடுத்தபோது கட்சிகள் சமமாக நின்றன.

"விவசாயப் பிரதிநிதி என்ன சொல்லுறார்? மெசின் எப்பிடி?" என்று தலைவர் உரக்கக் கேட்டார்.

மார்க்கண்டு திடுக்கிட்டு விழித்தார். மெசின் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. தன் கொட்டிலில் கிடக்கும் இறைப்பு மெசினைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தார்.

"அது சாய்ஞ்சு போய் நிக்குது ஐயா" என்றார்.

நமசிவாயம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாய்வு" என்றார் மெதுவாக. "நிமிரவும் இல்லை, படுக்கவும் இல்லை. திரை சாய்ஞ்சிருந்தால் பாக்கிறவைக்குக் கழுத்து நோகாது. சஞ்சிகையிலை பிரிய மறுக்கிற பக்கங்களிலை இதுதான் இருக்கவேணும்."

"கப்பலிலை அடுக்கவும் வசதி" என்றார் ஆழ்வாப்பிள்ளை. அவர் நமசிவாயத்தோடு ஒத்துப்போனது அதுதான் முதல்முறை.

மார்க்கண்டு, தான் சொன்னது வெங்காயத்துக்கு இறைக்கிற மெசினை என்று விளக்க வாயெடுத்தார். அதற்குள் தலைவர் அவருக்குக் கைப்பிடி வைத்த கதிரை போடச் சொல்லிவிட்டார். தேத்தண்ணீர் வந்தது. மற்றவர்களுக்குப் பனங்கட்டியோடு வந்தது, அவருக்குச் சீனி போட்டு வந்தது. சீனி போட்ட தேத்தண்ணீர் குடித்துப் பல மாதங்களாகியிருந்தன. குடித்து முடிந்தபோது, விளக்க வேண்டிய அவசரம் குறைந்திருந்தது.

அதன்பிறகு அவர் பெரிய மனுசர். சுன்னாகச் சந்தையில் முன்பின் தெரியாதவர்கள் மறித்து, "அண்ணை, எந்தப் பக்கம் சாயும்?" என்று கேட்டார்கள். "இப்ப சொல்லேலாது" என்று சொல்லப் பழகினார். அப்படிச் சொன்னபோது மதிப்பு இன்னும் கூடியது. நமசிவாயத்தின் ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்கு ஒரு விரிவுரை ஆற்றினார். அதில் பெரும்பகுதி வெங்காயத்தைப் பற்றியது. பிள்ளைகள் அதை உவமானமாக எடுத்துக்கொண்டார்கள். வின்சன்ற் மூன்றாவது மாதிரியைச் செய்தார். மிச்சமிருந்தது வளைந்த பலகை. அதனால் நல்ல சாய்வு கிடைத்தது.

கூட்டங்கள் வாரத்தில் இரண்டாயின. பிறகு அதற்கும் மேலே. துலாவை இப்போது பெரும்பாலும் குணலட்சுமி தனியாகவே இழுத்தாள்.

"இண்டைக்கு என்ன முடிவாம்?" என்று ஒருநாள் சோறு போட்டபடி கேட்டாள்.

"இன்னும் ஆராயவேணும்."

"ஆராய்ஞ்சு முடியுமட்டும் வெங்காயம் நிக்குமோ?"

"உமக்கு உது விளங்காது. இப்ப அவசரப்பட்டு வாங்கினால் பழைய மொடல்தான் வரும். அதிலை சாய்வு இல்லை."

குணலட்சுமி அவரை ஒருதரம் பார்த்தாள். குழம்பு விட அகப்பையைப் பிடித்த கையின் உள்ளங்கை கயிறு இழுத்துக் கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, தோல் உரிந்து கிடந்தது. மார்க்கண்டு அதைக் கண்டார். மிச்சச் சோற்றைத் தின்று முடித்தார். அடுத்த கூட்டத்துக்கும் போனார்.

சித்திரை பிறந்து சில நாளில் செய்தி பரவியது. ஹார்வெல்டன் கம்பனி தன் புதிய மேசைக் கணனியைப் பற்றி அறிவிக்கப் போகிறது, வெளிநாட்டு ஆங்கில வானொலியில் சொல்வார்கள். வானொலிக்குப் போடப் பற்றரி குடாநாட்டில் கிடையாது. சங்கத்துச் சிற்றூழியர் அடைக்கலநாதன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலியைப் பேசவைத்தார். மூன்று கட்சிக்காரரும் மண்டபத்துக்குள் அடைந்து நின்றார்கள். தூசி வரக்கூடாதென்று கதவையும் சாத்தினார்கள். மார்க்கண்டு கைப்பிடிக் கதிரையில் இருந்தார். தான் சொன்னது சரி வரவேண்டும் என்று நல்லூர் முருகனுக்கு நேர்த்தி வைத்தார். வெங்காயத்துக்கு மழை கேட்டு அவர் இன்னும் நேர்த்தி வைத்திருக்கவில்லை. அது அவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது, போனது.

அடைக்கலநாதன் களைத்தபோதெல்லாம் வானொலியின் குரல் தடித்து, இழுபட்டு, பிறகு நிமிர்ந்தது. நமசிவாயம் காதை ஒட்டவைத்துக் கேட்டார். கடைசியில் தலையைத் தூக்கினார்.

"அறிவிப்பைப் பின்போட்டிட்டினம். வாடிக்கையாளருக்கு என்ன விருப்பமெண்டு கம்பனி இன்னும் ஆராயுதாம்."

சபை அதிர்ந்து நின்றது. தியாகலிங்கம்தான் முதலில் தெளிந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"பாத்தியளோ? நாங்கள் அவைக்காகக் காத்திருக்கிறம். அவை எங்களுக்காகக் காத்திருக்கினம். இதுக்குப் பேர்தான் கூட்டுறவு. உலகத்திலை பெரிய கம்பனி எடுத்த அதே முடிவை, புளியங்கிணற்றடியிலை நாங்கள் எத்தினை மாதத்துக்கு முந்தியே எடுத்திட்டம்."

தன்னைத்தானே பாராட்டும் தீர்மானம் ஒன்றைச் சபை ஏகமனதாக நிறைவேற்றியது. நமசிவாயமும் ஆழ்வாப்பிள்ளையும் கட்டிப்பிடித்தார்கள். வியர்வையில் தோய்ந்துபோய்க் கதவைத் திறந்தபோது வெளியே மண்ணெண்ணெய் மணந்தது.

களஞ்சியக் கதவு விரியத் திறந்து கிடந்தது. பெண்கள் நிரையாக நின்று கான்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நிரையின் வால் கேற்றடியில் முடிகிற தறுவாயில் இருந்தது. மீனாம்பிகை குடும்ப அட்டையைப் பார்ப்பதும், வாளியால் அளப்பதும், அடுத்த ஆளைக் கூப்பிடுவதுமாக நின்றாள். அவள் சீலையில் எண்ணெய் பட்டிருந்தது. கடைசிக் கிழவி கானை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனதும், கடைசிப் பீப்பாவைச் சரித்து ஒருதரம் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

மார்க்கண்டு யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்தார். தோட்டத்து ஒழுங்கையில் திரும்பும்போதே மெசின் சத்தம் கேட்டது. குணலட்சுமி வாய்க்காலில் நின்றாள். தண்ணீர் வாடிப்போன பாத்திகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அரைவாசித் தோட்டம் ஏற்கெனவே மஞ்சளாகியிருந்தது. அது இனித் திரும்பாது. மற்ற அரைவாசி குடித்துக்கொண்டிருந்தது.

"மெசினை ஆர் தூக்கி நிமித்தினது?"

"நானும் பக்கத்து வீட்டுப் பராசக்தியும்" என்றாள். "உந்தப் பக்கம் வரம்பு உடைக்குது. மண்வெட்டியை எடுங்கோ."

அவர் மண்வெட்டியை எடுத்தார். பொழுதுபடும்வரை இருவரும் வரம்பைக் கட்டித் தண்ணீர் மாறினார்கள். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் ஏறியபிறகு, மார்க்கண்டு வாய்க்காலில் குந்தி, அவளுடைய கைகளைப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்துக் கழுவினார். எரிந்திருக்கவேண்டும். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மீனாம்பிகை மீது விசாரணை. கணனி இல்லாமல் பங்கீடு செய்த குற்றம். உபகுழுவே விசாரணைக் குழுவானது. குற்றம் நிரூபணமானால் வேலையில் இருந்து நிறுத்துவது என்று வருவதற்கு முன்பே கதைத்து வைத்திருந்தார்கள். மீனாம்பிகைக்கு அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை. தகப்பன் பாரிசவாதத்தில் படுத்திருந்தார்.

"ஏன் திறந்தீர்?" என்று தலைவர் கேட்டார்.

"குணலட்சுமி அக்கா வந்து கையைக் காட்டினா. திறந்தன்."

"கை. திரும்பவும் கை" என்றார் தலைவர் வேதனையோடு. "சபையோரே, நிலைமை பாரதூரமானது. பங்கீடு முடிஞ்சு ஒரு கிழமையாச்சு. ஒரு முறைப்பாடுகூட வரேல்லை. சங்க வரலாற்றிலை இப்பிடி நடந்ததில்லை. என்ரை மைத்துனருக்கும் மற்ற எல்லாருக்கும் போன அளவுதான் போயிருக்கு. இதை இப்பிடியே விட்டால், பிறகு உபகுழு எதுக்கெண்டு சனம் கேக்கும்."

நமசிவாயம் தலையாட்டினார். ஆழ்வாப்பிள்ளையும் ஆட்டினார். மீனாம்பிகை சீலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்து நின்றாள்.

மார்க்கண்டு கைப்பிடிக் கதிரையில் இருந்து எழும்பினார். என்ன பேசுவதென்று யோசித்து வந்திருக்கவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் எப்படிப் பேசுவதென்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது.

"தலைவர் அவர்களே, குற்றம் பெரிசு. நான் மறுக்கேல்லை. அதாலைதான் கேக்கிறன். இவ்வளவு பெரிய குற்றத்தை நாங்கள் கையாலையோ விசாரிக்கப் போறம்? எண்ணைப் பங்கீட்டிலையே கை பிழை விடுமெண்டால், ஒரு மனுசியின்ரை சீவியத்திலை கை எவ்வளவு பிழை விடும்? இண்டைக்குத் தீர்ப்புச் சொன்னால் அது பழைய மொடல் தீர்ப்பு. நாளைக்கு ஹார்வெல்டன் சாய்ஞ்சு வந்து வேறை மாதிரித் தீர்ப்புச் சொன்னால், எங்கடை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

நமசிவாயம் கண்ணாடியைக் கழற்றினார். "முறையான வாதம்" என்றார்.

"அவசரப்பட்டால் கம்பனிக்கு முன்னாலை வெக்கம்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

தியாகலிங்கத்தின் கண் கலங்கியிருந்தது. "இப்பிடி ஒரு ஆள் என்ரை திணைக்களத்திலை இருந்திருந்தால்" என்றார். வசனத்தை முடிக்கவில்லை. புதிய ஹார்வெல்டன் மேசைக் கணனி சந்தைக்கு வந்து, ஆராய்ந்து, தெரிவுசெய்து, கொள்வனவு செய்யும்வரை விசாரணையைப் பின்போடுவதென்றும், அதுவரை மீனாம்பிகை தன் கடமையைத் தொடர்வதென்றும் முடிவாயிற்று. இடையில் எண்ணெய் வந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. திறப்பு அவளிடமே இருந்தது.

கூட்டம் கலைந்தபோது மார்க்கண்டு படியில் குனிந்து செருப்பைத் தேடினார். மீனாம்பிகை பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே? மெய்யாய் அது சாய்ஞ்சுதான் வருமோ?"

மார்க்கண்டு செருப்பைக் கொழுவிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆருக்குத் தெரியும் பிள்ளை" என்றார். "வராமல் இருக்குமட்டும் உமக்கு நல்லது."